ஒரே லென்ஸுடன் உலகைச் சுற்றியவர்

பௌதிக ஆய்வுக்கூடத்தில் குவிலென்ஸின் குவியத்தூரத்தை அளந்து நோட்டில் குறித்ததும் அந்த எண்ணை நாம் மறந்துவிடுகிறோம். பிரான்சு நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான் அப்படி ஓர் எண்ணைத் தம் வாழ்நாள் முழுதும் விடாமல் பற்றியிருந்தார். அது 50 மில்லிமீட்டர்.

1908 ஆகஸ்ட் 22-ல் பாரிசுக்கு அருகே, தையல் நூல் தயாரித்த செல்வக் குடும்பத்தில் பிறந்தார். கத்தோலிக்கப் பள்ளியில் பயின்றார். குடும்பத் தொழிலில் மனம் செல்லாமல் ஓவியம் கற்கப் போனார். 1932-ல் லைக்கா என்னும் சிறிய காமிரா கைக்கு வந்ததும் தூரிகை பின்னுக்குப் போயிற்று.

பிற்காலத்தில் அவர் நாடு நாடாகக் கொண்டு சென்ற லைக்காக்கள் ரேஞ்ச்ஃபைண்டர் வகையைச் சேர்ந்தவை. இவ்வகையில் லென்ஸின் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே ஒரு சிறு ஜன்னல் உண்டு. அதில் இரட்டையாகத் தெரியும் உருவம் ஒன்றாகும்படி திருப்பினால் தூரம் சரியாகிவிடும். லென்ஸை மாற்றினாலும் ஜன்னலில் தெரியும் உருவம் பெரிதாவதில்லை. ஆகவே எவ்வளவு காட்சி படத்தில் விழும் என்பதை எடுப்பவர் கவனித்துக்கொள்ள வேண்டும். 35 மி.மீ. லென்ஸ் தெருவையே அள்ளும், 90 மி.மீ. தொலைவிலுள்ள முகத்தை அருகே கொணரும். இவற்றை அவர் எப்போதாவதுதான் பூட்டினார். 50 மி.மீ. லென்ஸின் எல்லை அவர் கண்ணிலேயே பதிந்துவிட்டது. காமிராவை உயர்த்துமுன்பே படம் முடிவாகியிருக்கும். முகம் பெரிதாக வேண்டுமா? நான்கடி முன்னே நடப்பார். அச்சிடும்போது ஓரங்களை வெட்டிச் சரிசெய்வதையும் அவர் விரும்பியதில்லை. இதனால் கைநழுவிய காட்சிகள் எத்தனையோ இருக்கும். இருந்தாலும் எட்ட நின்று எடுப்பதைவிட மனிதர் நடுவே சென்று நிற்பதே மேல் என்று நமக்குத் தோன்றுகிறது.

1940-ல் ஜெர்மானியரிடம் போர்க்கைதியானார். இருமுறை தப்ப முயன்று பிடிபட்டு, மூன்றாம் முறை, 1943-ல், தப்பினார். சிறைப்படுமுன் மண்ணில் புதைத்து வைத்த லைக்காவைப் பின்னர் தோண்டி எடுத்தார்!

1948 ஜனவரி 30 அன்று தில்லியில் காந்தியடிகளைச் சந்தித்து, தம் படங்கள் அடங்கிய நூலைக் காட்டி விடைபெற்றார். சற்று நேரத்தில் அண்ணல் சுடப்பட்ட செய்தி வந்தது, திரும்பி ஓடினார். அன்றிரவு பிர்லா மாளிகை வாயிலில் நேரு துயரச் செய்தியை அறிவித்ததை, பிளாஷ் இல்லாமல், இருந்த வெளிச்சத்திலேயே எடுத்தார். படம் சற்றுக் கலங்கித்தான் இருக்கிறது. அந்த இரவும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நம் திருவண்ணாமலைக்கும் அவர் வந்திருக்கிறார். ரமண மகரிஷியின் இறுதி நாட்களை அங்கிருந்து படமெடுத்தார். 1950 ஏப்ரல் 14 இரவு மகரிஷி மறைந்த வேளையில், வானில் ஒரு பேரொளி நகர்ந்து செல்லக் கண்டதாகவும் தெரிவித்தார். அதை மட்டும் படமெடுக்கவில்லை.

1970-களில் காமிராவைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, இளமையில் விட்ட ஓவியத்துக்கே திரும்பினார். 2004 ஆகஸ்ட் 3-ல், 95-ஆம் வயதில் காலமாகும்வரை அவர் அதிகம் நாடியது பென்சிலைத்தான்.