ஏழையின் கணக்கை எழுதிய கிறிஸ்தவர்: ஜே.சி. குமரப்பா



பொருளாதார மேதை என்றவுடன் நம் நினைவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மேலைநாட்டினரே. ஆனால் தேனியிலிருந்து உசிலம்பட்டி, பேரையூர் வழியாகச் சென்றால் எட்டிவிடக்கூடிய டி. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில், தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த பொருளாதார மேதை ஒருவர் உண்டு. அவர் தமிழர், கிறிஸ்தவரும்கூட. ஆயினும் நம் ஆலயங்களில் அவர் பெயரைக் கேட்பது அரிது. அவர்தான் ஜே.சி. குமரப்பா.

1892-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியுஸ். தந்தை பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். மகன் இலண்டன் சென்று கணக்குத் தணிக்கை பயின்றார், அங்கேயே வேலையும் பார்த்தார். தாய் எஸ்தரின் விருப்பத்திற்கு இணங்கி 1919-இல் நாடு திரும்பினார். பம்பாயில் தணிக்கை நிறுவனம் ஒன்றைக் கூட்டாக நடத்தினார். நல்ல வருமானம், ஆங்கிலேயரைப் போன்ற உடை, பழக்கவழக்கம். குறை ஒன்றும் இல்லாத வாழ்வு.

1927-இல் அமெரிக்கா சென்றவர் அங்கே மீண்டும் மாணவரானார். நியூயார்க்கில் ஓர் ஆலயத்தில், இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது பற்றி உரையாற்றினார். அந்த உரை பற்றிய செய்தி நாளேட்டில் வந்தது. அதைப் படித்த கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி தூண்டினார். குமரப்பா அரசின் வரவு செலவுக் கணக்குகளைத் தணிக்கையாளரின் கண்ணோடு ஆராய்ந்தார். ஏழை உழவர் கட்டும் வரி எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பார்த்தபோது, தாம் அதுவரை மதித்துவந்த ஆட்சியே நாட்டின் வறுமைக்குப் பெரும் காரணம் என்பது தெளிவாயிற்று. அவரைக் காந்தியிடம் கொண்டு சேர்த்தது அந்தக் கணக்குதான்.

1929 மே மாதம், அந்த ஆய்வை வெளியிடும் பொருட்டு சபர்மதி சென்றார். மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவர்தான் காந்தி என்பதை முதலில் அவர் அறியவில்லை. அறிந்ததும், மேலைநாட்டு உடையுடன் வெறும் தரையில் அமர்ந்தார். காந்தி அந்த ஆய்வைத் தம் இதழில் தொடராக வெளியிட்டார். குஜராத்தின் மாதர் வட்டாரக் கிராமங்களில் கணக்கெடுப்பு நடத்தும் பொறுப்பையும் கொடுத்தார். நிறுவன முதலாளிகளின் ஏடுகளைப் பார்த்து வந்தவர், வீடு வீடாகச் சென்று உழவரின் வரவையும் செலவையும் கடனையும் எழுதினார். கொர்னேலியுஸ் குமரப்பா ஆனதும், கதர் உடுத்தியதும் இந்தக் காலத்தில்தான்.

அவருடைய விசுவாசமும் சோதனைக்கு உள்ளாயிற்று. 1930-இல் சட்டமறுப்பு இயக்கத்தின்போது நிராயுதபாணிகள் தாக்கப்பட்டதைக் கண்டு, கிறிஸ்தவர்கள் மௌனமாக இருக்கலாகாது என்று வேண்டுகோள் விடுத்தார். கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் வெஸ்ட்காட், சட்டமறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு ஒத்ததல்ல என்ற நிலையை எடுத்தார். குமரப்பா அவருக்கு வெளிப்படையாகவே மறுப்பு எழுதினார். சபை அதிகாரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதே அவர் வருத்தம். அவர் சபையைக் கடிந்தார், ஆனால் கிறிஸ்துவை விட்டு விலகவில்லை.

1934-இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. நிவாரண நிதியின் கணக்குகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. தொண்டர்களின் உணவுக்கு மிகச் சிறிய தொகையை நிர்ணயித்தார். காந்தியே தம் குழுவினருடன் வந்தபோது, அவர்களுடைய கூடுதல் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க மறுத்துவிட்டார். அந்தப் பணம் வீடிழந்தவர்களின் பணம் என்பது அவர் நிலை. பொதுப் பணத்தைக் கையாளும் பொறுப்பில் இருக்கிற நாம் ஒவ்வொருவரும், பங்கு நிதிக்குழு முதல் மகளிர் சுயஉதவிக் குழு வரை, நின்று நினைத்துப் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி இது.

அவ்வாண்டு டிசம்பரில் தொடங்கப்பட்ட அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தின் செயலராக, வார்தாவில் பல ஆண்டுகள் உழைத்தார். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம், கைக்காகிதம் என ஒவ்வொன்றையும் ஆராய்ந்தார். ஆலையில் தீட்டிய அரிசியில் தவிட்டோடு சத்தும் போகிறது, நெல் குத்திய பெண்ணின் கூலியும் போகிறது என்று இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது, ஆங்கிலேய அரசு ரூபாய் நோட்டுகளை ஏராளமாக அச்சிட்டு, நம் தானியத்தையும் பொருள்களையும் போருக்கு எடுத்துக்கொண்டது. பணம் பெருகப் பெருக ஏழையின் கையிலுள்ள காசின் மதிப்பு குறைந்தது. பணம் மிகுந்த இடத்தில் அதன் மதிப்பு குறையும் என்பதை 1556-இலேயே ஸ்பெயின் நாட்டு குரு மார்ட்டின் தே அஸ்பில்குவேத்தா எழுதியிருந்தார். இவர் புனித சவேரியாரின் உறவினர். அந்தக் குருவுக்கு விலைவாசி ஓர் அறநெறிக் கேள்வி. குமரப்பாவுக்கும் அப்படியே. அப்பம் கேட்கும் பிள்ளைக்குக் கல்லைக் கொடுக்கும் தந்தை உண்டா என்ற நற்செய்தியின் உருவகத்தைக் கொண்டு அந்தச் சுரண்டலை அவர் கண்டித்தார். மீண்டும் சிறைவாசம் கிடைத்தது.

அந்தச் சிறைவாசத்தில் உருவானவையே இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றிய நூலும், நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலும். காந்தி முன்னுரை எழுதிய இந்த இரண்டாம் நூலில், இயற்கையைப் பார்த்துப் பொருளாதாரத்தை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். பிற உயிரைக் கொன்று வாழும் புலி முதல் வகை. நடாத, நீர் ஊற்றாத மாந்தோப்பில் பழம் பறித்துத் தின்னும் குரங்கு இரண்டாவது. தன் உழைப்பால் கூடு கட்டும் பறவை மூன்றாவது. கூட்டத்திற்காகத் தேன் சேர்க்கும் தேனீ நான்காவது. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை ஐந்தாவது. மனித சமுதாயம் புலியிலிருந்து தாய்ப்பறவையை நோக்கி வளர வேண்டும் என்பதே அவர் வாதம்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் இந்த ஐந்தையும் காணலாம். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்திற்கு மலையேறும் பெண்கள் தேனீக்களைப் போல உழைக்கிறார்கள். அந்தத் தேன் யாருக்குப் போகிறது? திராட்சைக் கொடிக்கு உரமும் மருந்தும் கடனில் வாங்கும் விவசாயிக்கு விலையைச் சொல்கிறவர் யார்? நாம் மாந்தோப்புக் குரங்காக இருக்கிறோமா, கூடு கட்டும் பறவையாக இருக்கிறோமா?

இன்னொன்றையும் அவர் கூறினார். ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளும் இயற்கைச் செல்வம் ஒன்று, எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் நிலக்கரி, எண்ணெய் போன்ற சேமிப்பு மற்றொன்று. இரண்டாவதை நம்பிய வாழ்வு இறுதியில் சண்டையிலும் போரிலும் முடியும் என்றார். முல்லைப் பெரியாற்று நீர் மழையோடு மீண்டும் வருவது. நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் போர் போட்டு உறிஞ்சும் நீர் நம் பேரப்பிள்ளைகளின் சேமிப்பு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில், பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் சேர்த்துக் கேட்க அழைத்தார். அதற்கு 70 ஆண்டுகளுக்கு முன்பே அவ்வாறு கேட்ட கிறிஸ்தவர் ஒருவர் நம் மண்ணில் இருந்தார்.

விடுதலைக்குப் பின், காங்கிரசு அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக, இடைத்தரகர்களை நீக்கி உழுபவருக்கு நிலம் சேர வேண்டும் என்று 1949-இல் அறிக்கை அளித்தார். ஆனால் நாடு பெருந்தொழில்களின் வழியில் சென்றது. குமரப்பா தம் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை, பதவியையும் நாடவில்லை. உடல்நலம் குன்றிய நிலையில் கல்லுப்பட்டிக்கு வந்து சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளாமல் எளிமையாக வாழ்ந்த அவர், 1960 சனவரி 30 அன்று, காந்தியின் நினைவு நாளிலேயே இறைவனடி சேர்ந்தார்.

அவருடைய குடிலில் காந்தியின் படத்தோடு ஓர் ஏழைக் கிராமத்தவரின் படமும் இருந்ததாகச் சொல்வார்கள். காந்தி தமக்குத் தலைவர் என்றும், அந்த ஏழை தம் தலைவருக்கே தலைவர் என்றும் அவர் விளக்குவாராம். பசித்தோரிலும் ஆடையற்றோரிலும் தம்மையே காணச் சொன்ன ஆண்டவரை நாம் ஞாயிறுதோறும் வணங்குகிறோம். திங்கட்கிழமை காலை கடையில், மண்டியில், தோட்டத்தில், அலுவலகத்தில் நாம் எழுதும் கணக்கில் அந்த ஏழைக்கு இடம் உண்டா? சிந்திப்போம். ஆமென்.