கம்ப்யூட்டருக்குச் சொல் கற்பித்த பெண்

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆசை. ஒன்றைக் கழற்றினாள். மறுபடி பூட்டத் தெரியவில்லை. அடுத்ததைக் கழற்றினாள். இப்படியே ஏழு கடிகாரங்கள்! தாய் கண்டுபிடித்தார். இனி ஒரே ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்.

அந்தச் சிறுமிதான் கிரேஸ் ஹாப்பர். 1906-ம் ஆண்டு அமெரிக்காவில் நியூயார்க் நகரில் பிறந்தவர். 1934-ல் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கல்லூரி ஆசிரியையாக இருந்தார்.

உலகப்போர் மூண்டது. கடற்படையில் சேரப் போனார். உடல் எடை போதாது என்றார்கள். அவர் விடவில்லை. தனி அனுமதி பெற்று, 1943-ல் சேர்ந்தார். 51 அடி நீளமுள்ள ராட்சதக் கம்ப்யூட்டரில் அவருக்கு வேலை கிடைத்தது.

அந்நாளில் கம்ப்யூட்டருக்கு எண்களில்தான் கட்டளை இடவேண்டும். ஓர் எண் பிசகினாலும் கணக்குக் கெட்டது. கணிதம் படித்தவர்களுக்கே திண்டாட்டம். குமாஸ்தா என்ன செய்வார்?

மனிதனுக்கு ஏற்றபடி எந்திரம்தான் மாறவேண்டும் என்பது ஹாப்பரின் கருத்து.

முன்பே எழுதிய கட்டளைகளைக் கம்ப்யூட்டரே எடுத்துக் கோத்துக்கொள்ள 1952-ல் வழி செய்தார். அதற்குக் 'கம்பைலர்' என்று பெயர். அடுத்து, சாதாரண ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை இடலாம் என்றார். கம்ப்யூட்டருக்கு ஆங்கிலம் புரியாது என்று மறுத்தார்கள். ஹாப்பர் செய்தே காட்டினார்!

அதை அடிப்படையாகக் கொண்டு 1959-ல் 'கோபோல்' மொழி உருவாகத் தொடங்கியது. பல வங்கிகளின் கணக்கை இன்றும் அதுவே பார்க்கிறது.

1986-ல், 79-வது வயதில், கடற்படைத் தளபதிகளுள் ஒருவராக ஓய்வு பெற்றார். 1992-ம் ஆண்டு புத்தாண்டு தினத்தன்று காலமானார்.

எடை போதாது என்று தயங்கிய கடற்படை, பிறகு ஒரு போர்க்கப்பலுக்கே அவர் பெயரைச் சூட்டியது!