யார் இந்த ஜான் போஸ்டல்? உங்க இ-மெயில் போய்ச் சேரக் காரணமானவரின் கதை!

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். வடமாநில வியாபாரி ஒருத்தருக்கு விலைப்பட்டியலை மெயிலில் அனுப்புறாங்க. அனுப்புற சர்வர் ஒரு கம்பெனியோடது, வாங்குற சர்வர் இன்னொரு கம்பெனியோடது. ரெண்டும் வேற வேற ப்ரோகிராமிங் மொழியில் எழுதப்பட்டவை. ஆனாலும் சில நொடியில் மெயில் போய்ச் சேர்ந்துடுது. எப்படி?

ரெண்டு சர்வரும் ஒரே விதிகளைப் பின்பற்றுவதுதான் காரணம். எஸ்.எம்.டி.பி எனப்படும் அந்த விதிகளை 1982 ஆகஸ்டில் எழுதி வெளியிட்டவர்தான் ஜான் போஸ்டல்.

யார் இவர்?

1943 ஆகஸ்ட் 6-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸில் கல்லூரி மாணவராக இருந்தபோதே, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் பணியில் சேர்ந்தார். நெட்வொர்க் விதிகள் ஆர்.எஃப்.சி என்ற ஆவணங்களாக வெளிவரும். கிட்டத்தட்ட 30 வருஷம், சாகும்வரை அவற்றின் எடிட்டர் இவர்தான். நீண்ட தாடி, காலில் செருப்பு என எளிமையாகவே வாழ்ந்தார்.

விதி என்ன சொல்லுது?

லாரி ஆபீஸில் பார்சல் போடுற மாதிரிதான். அனுப்பும் சர்வர் முதலில் ஹலோ சொல்லி, தன் பெயரைச் சொல்லணும். அப்புறம் யார் அனுப்புறாங்க, யாருக்கு என்று வரிசையாகச் சொல்லணும். எதிர் சர்வர் 250 என்று பதில் தந்தால் சரி. 550 என்றால் ஏற்க முடியாது. கடைசியாகக் கடிதம். தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வந்தால் கடிதம் முடிந்தது என்று அர்த்தம்.

கவனிச்சீங்களா? அனுப்புறவர் சொன்ன பெயர் நிஜமா என்று எங்கேயும் சோதிக்கவே இல்லை. அன்றைக்கு நெட்வொர்க்கில் இருந்தவர்கள் ரொம்பக் குறைவு. நம்பிக்கையே போதுமானதாக இருந்தது. இன்றைக்கு வங்கி பெயரில் போலி மெயில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சரிபார்க்கும் முறைகள் பிற்பாடுதான் சேர்க்கப்பட்டன.

தாராளம் தந்த சிக்கல்

போஸ்டல் சொன்ன இன்னொரு கொள்கை ரொம்பப் பிரபலம். அனுப்பும்போது விதியைக் கறாராகப் பின்பற்று, வாங்கும்போது சின்னப் பிழைகளைப் பொறுத்துக்கொள் என்பதுதான் அதன் சாரம். இந்தத் தாராளத்தால்தான் விதவிதமான கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று பேச முடிந்தது.

ஆனா அதே தாராளம் ஓட்டையாகவும் மாறியது. கடிதம் முடிவதைக் காட்டும் அந்தப் புள்ளி வரியைச் சில சர்வர்கள் சரியான வடிவத்தில் இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொண்டன. இதை வைத்து, ஒரு மெயிலுக்குள் வேறொருவர் பெயரில் இன்னொரு மெயிலை ஒளித்து அனுப்ப முடியும் என்பது 2023 டிசம்பரில் அம்பலமானது.

ரஸ்ட் வந்தால் தீருமா?

இப்போ கோ, ரஸ்ட் போன்ற புதிய மொழிகளில் மெயில் சர்வர்களை எழுதுறாங்க. ஸ்டால்வார்ட் என்ற சர்வர் ரஸ்ட்டில் எழுதப்பட்டதுதான். மெமரியைத் தவறாகக் கையாளும் பிழைகளில் பெரும்பாலானவற்றை ரஸ்ட் ஆரம்பத்திலேயே தடுத்துடும். ஆனா எந்தப் புள்ளியை ஏற்கணும், எதைத் தள்ளணும் என்பதை மொழி முடிவு செய்யாது. எழுதுறவர்தான் முடிவு செய்யணும்.

1998 அக்டோபர் 16-ல், இதய அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பாதிப்பால் போஸ்டல் காலமானார். வயது 55. அவர் எழுதிய விதிகள் இன்றும் இலவசம். கரிசல் காட்டு கிராமத்திலிருந்து கோவில்பட்டிக்கு பஸ் ஏறி வந்து இன்ஜினியரிங் படிக்கும் மாணவி ஒருத்தி, யாரிடமும் அனுமதி கேட்காமல், அதைப் படித்துத் தானே ஒரு சர்வர் எழுதலாம். அது பேசுவது உலகத்தின் மற்ற மெயில் சர்வர்களுக்கும் புரியும். வாங்கும்போது மட்டும் கொஞ்சம் கறாராக எழுதினால் நல்லது.