தேடப்பட்ட ஆட்டக்காரர்

1936-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், ஒரு கால்பந்து வீரரைத் தேடிக் கல்கத்தா நாளிதழ்களில் விளம்பரம் வெளியாயிற்று. பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் செல்லும் வழியில் சீன அணி இந்தியாவில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் பாராட்டுப் பெற்ற அவர், அடுத்த ஆட்டத்துக்கு வரவில்லை. அவர் பெயர் முகமது சலீம்.

சலீம் 1904-இல் கல்கத்தாவின் மெட்டியாபுருஜ் பகுதியில் பிறந்தவர். முகமதன் ஸ்போர்ட்டிங் அணியின் முன்கள வீரர். கல்கத்தா லீக் கோப்பையை 1934 வரை வெள்ளையர் அணிகளே வென்றுவந்தன. அவ்வாண்டு அதனைக் கைப்பற்றிய முகமதன் ஸ்போர்ட்டிங், 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வாகை சூடியது. அடிமைப்பட்டிருந்த மக்களுக்கு அது வெறும் விளையாட்டு வெற்றி அன்று. ஆகவேதான், அந்த அணியின் வீரர் ஒருவர் களத்தில் இல்லாதபோது நகரமே அவரைத் தேடியது.

அவரோ தம் உறவினர் ஒருவருடன் கப்பலேறி பிரிட்டன் சென்றிருந்தார். அந்த உறவினர் அவரை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு அழைத்துச் சென்று, புகழ்பெற்ற செல்டிக் அணியின் மேலாளர் வில்லி மேலியிடம் வாய்ப்புக் கேட்டார். காலணியின்றி ஆடுபவர் என்றதும் வியந்தவர்கள், அவரது ஆட்டத்தைச் சோதித்துப் பார்த்தபின் ஏற்றுக்கொண்டனர். பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி குனிந்து அவர் பாதத்தில் துணிக்கட்டு போடும் புகைப்படம் இன்றும் உள்ளது. ஆள்பவர் நாட்டைச் சேர்ந்தவர் ஆளப்படுபவரின் காலருகே குனிந்திருக்கும் அந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

செல்டிக்கின் இரண்டாம் நிலை அணிக்காக அவர் ஆடியவை இரண்டே ஆட்டங்கள். கால்ஸ்டன் அணியை 7-1 என வென்றபோது, மூன்று கோல்களுக்கு அவர் தந்த பந்துகளே காரணமாயின. ஹாமில்டன் அணிக்கு எதிரான வெற்றி 5-1. ஸ்காட்லாந்து ஏடுகள் அவரைச் செப்படி வித்தைக்காரருக்கு ஒப்பிட்டுப் புகழ்ந்தன. செல்டிக் அவரைத் தங்கிவிடுமாறு வற்புறுத்தியது. ஆனால், ஊர் நினைவு அவரை வாட்டியது. அவர் திரும்பிவிட்டார். கல்கத்தா இழந்தவரை மீண்டும் பெற்றது. கிளாஸ்கோ பெற்றவரை இழந்தது.

ரசிகர்களை இவ்வாறு ஏங்கவிட்டது முறையா என்று கேட்கலாம். முறையே என்பேன். ஆட்டக்காரரின் திறமையைக் கண்டு மகிழும் உரிமை ரசிகர்க்கு உண்டு. அவர் வாழ்வின்மீது உரிமை இல்லை. அவரை நினைவில் வைக்கும் கடமையோ அணிக்கும் ரசிகர்க்கும் உண்டு.

முதுமையில் சலீம் நோயுற்றபோது, சிகிச்சைக்குப் பணம் தேவை என அவருடைய மகன் செல்டிக்கிற்குக் கடிதம் எழுதினார். பணத்தை எதிர்பார்த்து அல்ல, தந்தையை அங்கு எவரேனும் நினைவு வைத்திருக்கிறார்களா என அறியவே அவர் எழுதினார். கடிதத்துடன் 100 பவுண்டுக்கான வங்கி வரைவோலை வந்தது. அவர் அதனைப் பணமாக்கவில்லை, நினைவாகப் பாதுகாத்தார். சலீம் 1980-இல் மறைந்தார்.

பீங்கான் தொழிலால் அறியப்படும் எங்கள் விருத்தாசலத்தில், மாலை வேளைகளில் வெறுங்காலுடன் பந்தாடும் சிறுவர்களைக் காண்கிறேன். அவர்களுள் நன்றாக ஆடும் ஒருவன் பதினெட்டு வயதில் குடும்பச் சுமையால் வேலைக்குப் போகிறான். சில மாலைகள் நண்பர்கள் அவனைப் பற்றிப் பேசுகின்றனர், பின்னர் மறந்துவிடுகின்றனர். சலீம் தாமே விரும்பிக் களம் நீங்கினார். இச்சிறுவர்களுக்கு அந்தத் தேர்வே இல்லை. ஒரு பயிற்சியாளர், ஒரு நல்ல மைதானம், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்தால் அவர்களில் சிலர் நிலைத்திருப்பார்கள்.

சலீமைத் தேடி விளம்பரம் செய்யவாவது அன்று ஒரு சங்கம் இருந்தது. நம் ஊர்களில் காணாமல்போகும் ஆட்டக்காரர்களைத் தேடுவதற்கு யார் இருக்கிறார்கள்?