கணக்காயர் காட்டிய வழி

நுழையும்முன்

தியானம் என்றதும் காடும் குகையும் காவியுடையும் பலர் மனத்தில் தோன்றும். குடும்பம் உடையவருக்கும் அலுவலகம் செல்பவருக்கும் அது எட்டாதது என்னும் எண்ணம் நெடுங்காலமாக நிலவிவருகிறது. அவ்வெண்ணத்தைத் தம் வாழ்வால் மாற்றிக் காட்டியவர் பர்மிய நாட்டின் தலைமைக் கணக்காயராக விளங்கிய ஊ பா கின். கோப்புகளுக்கு நடுவே வாழ்ந்துகொண்டே புத்தர் கூறிய தியான நெறியைப் பயின்று, அதனை இல்லறத்தார்க்கு ஏற்ற ஒழுங்கான பயிற்சியாக அமைத்துத் தந்த அப்பெருந்தகையின் வரலாறு இப்பாடம்.

இளமையும் கல்வியும்

ஊ பா கின் 1899ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் இரங்கூன் நகரில் பிறந்தார். உழைக்கும் மக்கள் மிகுதியாக வாழ்ந்த பகுதியில், எளிய குடும்பம் ஒன்றின் இளைய பிள்ளை அவர். மெதடிஸ்ட் கிறித்தவ சபையார் நடத்திய பள்ளியில் பயின்ற அவர், வகுப்பில் எப்போதும் முதல்வராகத் திகழ்ந்தார். 1917இல் பள்ளி இறுதித் தேர்வில் தங்கப் பதக்கமும் கல்லூரியில் படிப்பதற்கான உதவித்தொகையும் பெற்றார். ஆயினும், குடும்பத்தின் வறுமை அவரைக் கல்லூரி வாயிலுக்கு முன்பே நிறுத்திவிட்டது. நாளிதழ் ஒன்றில் சிறிது காலம் வேலை பார்த்தபின், பர்மாவின் தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

பட்டம் பெறும் வாய்ப்பை இழந்தவர் படிப்பை இழக்கவில்லை. பணியில் இருந்தவாறே பயின்று, 1926இல் கணக்குப் பணித் தேர்வில் வெற்றி பெற்றார். அலுவலகத்தில் படிப்படியாக உயர்ந்தார். திருமணம் செய்து மக்களைப் பெற்று இல்லறம் நடத்தினார். இந்நிலையில், முப்பத்தேழு வயது நிரம்பிய அந்த அலுவலரின் வாழ்வில் புதியதொரு வாயில் திறந்தது.

சேற்றுவழிப் பயணம்

1937ஆம் ஆண்டின் முதல் நாளில் நண்பர் ஒருவர் அவரைக் காண வந்தார். சயா தெட்ஜி என்னும் ஆசிரியரிடம் தியானம் பயின்றவர் அவர். இயல்பாக வந்து போகும் மூச்சை அடக்காமலும் மாற்றாமலும் கவனித்திருக்கும் ஆனாபானம் என்னும் பயிற்சியை அவர் விளக்கினார். அதனைச் செய்து பார்த்த ஊ பா கின்னின் மனம் விரைவிலேயே ஒருமுகப்பட்டது. சிறிது நேர முயற்சியே இத்தகைய அமைதியைத் தருமாயின் முழுப் பயிற்சி எத்தகையதாக இருக்கும் என்று எண்ணிய அவர், பத்து நாள் விடுப்புக்கு விண்ணப்பித்தார். ஒரு வாரத்திற்குள் ஆசிரியரைத் தேடிப் புறப்பட்டார்.

ஆசிரியரின் ஊராகிய பியாப்வேஜி, இரங்கூனுக்குத் தெற்கே ஆற்றின் மறுகரையில், வயல்களுக்கு நடுவே இருந்தது. தொலைவு எட்டு மைலே. ஆனால், அன்று ஆற்றில் நீர்மட்டம் தாழ்ந்திருந்ததால் படகு பாதி வழியிலேயே நின்றுவிட்டது. கரையேறியவரின் கால்கள் முழங்கால் வரை சேற்றில் புதைந்தன. எஞ்சிய வழியெல்லாம் வயல்களின் ஊடே நடந்து, கால்களில் சேறு காய்ந்த நிலையில் அவர் ஆசிரியரின் முன் சென்று நின்றார். அன்றிரவே அவருக்குப் பயிற்சி தொடங்கியது.

அவர் தேடிச் சென்ற ஆசிரியர் துறவி அல்லர், உழவர். 1903ஆம் ஆண்டில் பரவிய வாந்திபேதி நோய்க்குத் தம் மக்களைப் பறிகொடுத்தவர். இறப்பு இல்லாத நிலையைத் தேடி வீட்டை விட்டு வெளியேறிப் பல ஆசிரியர்களிடம் பயின்றவர். இறுதியில் பேரறிஞரான லெடி சயடோ என்னும் துறவியை அடைந்தார். இல்லறத்தாரும் தியானம் பயிலலாம் என்பதை நூல்களின் வாயிலாகவும் பேருரைகளின் வாயிலாகவும் பர்மா முழுவதும் பரப்பியவர் லெடி சயடோ. உழவராகிய தெட்ஜியையே பிறருக்குக் கற்பிக்குமாறு பணித்தவரும் அவரே. துறவியிடமிருந்து உழவருக்கு வந்த அந்நெறி, இப்போது உழவரிடமிருந்து அரசு அலுவலரிடம் வந்து சேர்ந்தது.

பத்து நாள்களுக்குப் பின் அலுவலகம் திரும்பிய ஊ பா கின்னின் மேசை மீது உறை ஒன்று காத்திருந்தது. அவசர அவசரமாக விடுப்பில் சென்றவர், அது பணிநீக்க ஆணையாக இருக்குமோ என்று ஐயுற்றார். பிரித்துப் பார்த்தபோது, அது பதவி உயர்வு ஆணையாக இருந்தது. இந்தியாவிலிருந்து பர்மா தனி நாடாகப் பிரிக்கப்படவிருந்த அவ்வாண்டில், புதிதாக அமையவிருந்த தணிக்கை அலுவலகத்தில் சிறப்புக் கண்காணிப்பாளர் பொறுப்பு அவருக்கு வழங்கப்பட்டிருந்தது. பணியும் பயிற்சியும் ஒன்றுக்கொன்று தடையாகாமல் இணைந்து செல்லத் தொடங்கின.

தொடர்வண்டிப் பெட்டியில் முதல் மாணவர்

நான்கு ஆண்டுகள் இடைவிடாது பயின்ற அவர், தாம் பிறருக்குக் கற்பிக்கத் தகுதியுடையவர் என்று எண்ணவில்லை. 1941இல் தொடர்வண்டித் துறையின் கணக்கு அலுவலராக இருந்தபோது, மாண்டலே செல்லும் வழியில் சவுக்சே என்னும் ஊரில் இறங்க நேர்ந்தது. அருகிலிருந்த குன்றில் வெபு சயடோ என்னும் துறவி தனித்துத் தவம் செய்து வந்தார். உணவு வேளை தவிரப் பிற நேரங்களில் அவரைக் காண்பது அரிது என்று ஊரார் கூறினர். உதவி நிலைய அலுவலருடன் குன்றேறிய ஊ பா கின், குடிலின் வெளியே அமர்ந்து தியானத்தில் ஆழ்ந்தார். சிறிது நேரத்தில் குடிலின் கதவு திறந்தது.

இருவரும் நெடுநேரம் உரையாடினர். வந்தவரின் பயிற்சி எத்துணை ஆழமானது என்பதை உணர்ந்த துறவி, அவர் பெற்றதைப் பிறருக்கு வழங்கும் காலம் வந்துவிட்டது என்றும் இனியும் தாழ்த்தலாகாது என்றும் அறிவுறுத்தினார். குன்றிலிருந்து இறங்கி வந்ததும், உடன் வந்த உதவி நிலைய அலுவலர் தமக்குக் கற்பிக்குமாறு வேண்டினார். நிலையத்தில் நிறுத்தப்பட்டிருந்த தொடர்வண்டிப் பெட்டியே வகுப்பறையாயிற்று. மடமோ கோயிலோ இன்றி, தண்டவாளத்தின் மேல் தொடங்கியது ஊ பா கின்னின் ஆசிரியப் பணி.

அலுவலகமே பயிற்சிக்களம்

1948 ஜனவரி 4ஆம் நாள் பர்மா விடுதலை பெற்றது. விடுதலை பெற்ற நாட்டின் முதல் தலைமைக் கணக்காயராக ஊ பா கின் பொறுப்பேற்றார். எழுத்தராக நுழைந்த அலுவலகத்திற்கே தலைவரான அவர், அங்குப் பணிபுரிந்தோர்க்குத் தியானம் கற்பிக்கத் தொடங்கினார். 1950இல் அவ்வலுவலகத்திலேயே விபசனா சங்கம் ஒன்று உருவாயிற்று. 1952இல் சுவேதகோன் பகோடாவிற்கு வடக்கே பன்னாட்டுத் தியான மையம் நிறுவப்பட்டது. அலுவலக நேரத்திற்கு முன்னும் பின்னும் மாணவர்க்கு வழிகாட்டுவது அவருடைய அன்றாட வழக்கமாயிற்று.

மன அமைதியைத் தேடுபவர் பொறுப்புகளிலிருந்து விலகிவிடுவார் என்னும் ஐயத்திற்கு அவருடைய பணி வாழ்வே விடையாக அமைந்தது. ஓய்வு வயதை எட்டிய பின்னரும் அரசு அவரை விடவில்லை. ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளை அவர் பொறுப்பேற்று நடத்தினார். நாட்டின் நெல் வாணிகத்தைக் கவனித்து வந்த வேளாண் விற்பனை வாரியத்தில் முறைகேடுகள் மலிந்திருந்தன. அதனைச் சீர்செய்யும் பொறுப்பு நேர்மைக்குப் பெயர்பெற்ற அவரிடம் வந்தபோது, அங்கிருந்த உயர் அலுவலர்கள் எதிர்த்துப் பணியை நிறுத்தினர். அவர் சினக்கவும் இல்லை; பணியவும் இல்லை. எழுத்தர்களையும் கடைநிலை ஊழியர்களையும் கொண்டு வாரியத்தை நடத்தினார். எதிர்த்தவர்களே இறுதியில் பணிக்குத் திரும்பினர். தியானம் தரும் சமநிலைக்கு உண்மையான தேர்வு இத்தகைய இடங்களில்தான் நிகழ்கிறது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

பத்து நாள் படிநிலைகள்

அலுவலர்களும் வணிகர்களும் மாதக்கணக்கில் மடத்தில் தங்க இயலாது. ஆகவே, பத்து நாள்களில் நெறியின் அடிப்படை முழுவதையும் பயிலுமாறு அவர் பயிற்சியை அமைத்தார். அதில் மூன்று படிகள் இருந்தன.

முதற்படி சீலம். கொலை, களவு, பிறழ்காமம், பொய், கள் ஆகிய ஐந்தையும் விலக்குதல் அதன் அடிப்படை. மணிமேகலைக் காப்பியத்தைப் பயின்றோர்க்கு இவ்வொழுக்கங்கள் புதியன அல்ல. பிறருக்குத் தீங்கு செய்தவாறே உள்ளத்தை அமைதிப்படுத்த முயல்வது, கலக்கிக்கொண்டே நீர் தெளிவதற்குக் காத்திருப்பதைப் போன்றது. ஆதலால், ஒழுக்கமே தொடக்கம் எனக் கொள்ளப்பட்டது.

இரண்டாம் படி சமாதி. மூக்கின் கீழே, மேலுதட்டின் மேலுள்ள சிறிய இடத்தில் மூச்சு படுவதை மாணவர் இடைவிடாது கவனிப்பர். மனம் அலைபாயும், அலைபாய்ந்தது தெரிந்ததும் மீண்டும் மூச்சிடம் கொண்டுவருவர். நூறுமுறை விலகினால் நூறுமுறையும் திரும்புவதே பயிற்சி. சில நாள்களில் மனம் கூர்மை பெறும்.

மூன்றாம் படி பஞ்ஞை எனப்படும் மெய்யறிவு. கூர்மையுற்ற மனத்தைத் தலை முதல் கால் வரை செலுத்தி, உடலில் எழும் வெம்மை, குளிர்ச்சி, வலி, அரிப்பு, துடிப்பு ஆகிய உணர்ச்சிகளைக் கவனிப்பர். இன்பமானதை விரும்பிப் பற்றாமலும் துன்பமானதை வெறுத்துத் தள்ளாமலும் இருப்பர். எவ்வுணர்ச்சியும் தோன்றி மறைவதை நேரில் காண்பர். நிலையாமை என்பதை நூலில் படித்தறிவது வேறு. தம் உடலிலேயே கண்டறிவது வேறு. இரண்டாவது அறிவே விருப்பு வெறுப்புகளின் பிடியைத் தளர்த்தும். இந்நிலையாமையைப் பாலி மொழி அநிச்சம் என்னும். ஊ பா கின்னின் போதனை முழுவதற்கும் அச்சாக விளங்கியது இதுவே.

பத்து நாள் முடிவது பயிற்சியின் முடிவன்று. வீடு திரும்பியோர் நாள்தோறும் சிறிது நேரம் அமர்ந்து பயில வேண்டும் என்றும், வேலைகளுக்கு நடுவிலும் நிலையாமை உணர்வைக் கைவிடலாகாது என்றும் அவர் வலியுறுத்தினார்.

தெரிந்து தெளிவோம்

இன்று கணக்குப் பணி செய்வோரைக் குறிக்கும் கணக்காயர் என்னும் சொல், பண்டைத் தமிழில் ஆசிரியரைக் குறித்தது. சங்கப் புலவர் நக்கீரர், மதுரைக் கணக்காயனார் மகனார் என்று சுட்டப்படுவதை நினைவிற் கொள்க. இரு பொருளிலும் கணக்காயராக வாழ்ந்தவர் ஊ பா கின். அவர் பெயரின் முன்னுள்ள ஊ என்பது, பர்மிய மொழியில் ஆடவரை மதிப்புடன் அழைக்கும் அடைமொழி.

தலைவலியும் தகுதியும்

மிசனரிப் பள்ளியில் பெற்ற ஆங்கிலப் புலமை அவருடைய பணிக்குப் பெருந்துணையாயிற்று. இரங்கூனில் உள்ள மெதடிஸ்ட் தேவாலயத்தில் பௌத்தம் குறித்து அவர் ஆங்கிலத்தில் ஆற்றிய தொடர் உரைகள் பின்னர் நூலாக வெளிவந்தன. பல நாட்டினரும் பல சமயத்தினரும் அவருடைய மையத்தை நாடி வந்தனர்.

1955இல் அவ்வாறு வந்தவருள் ஒருவர், பர்மாவில் பிறந்த இந்திய வணிகரான சத்திய நாராயண் கோயங்கா. கடுமையான ஒற்றைத் தலைவலியால் துன்புற்ற அவர், வலியைத் தணிக்க மார்பின் ஊசியை நாட வேண்டியிருந்தது. பல நாட்டு மருத்துவர்களிடம் சென்றும் பயன் கிட்டவில்லை. தம் தலைவலி தீர வேண்டும் என்று அவர் கேட்டபோது, ஊ பா கின் மறுத்துவிட்டார். மனத்தைத் தூய்மைப்படுத்தும் நெறியை ஒரு நோய்க்கு மருந்தாகச் சுருக்குவது அதன் மதிப்பைக் குறைப்பதாகும் என்பது அவர் கருத்து. மனத்தூய்மையை நோக்கமாகக் கொண்டு வந்தால், நோய் நீங்குவது துணைப்பயனாக அமையலாம் என்று எடுத்துரைத்தார். தாம் பிறந்த சமயத்தை விட நேருமோ என்று கோயங்கா தயங்கினார். ஒழுக்கம், மன ஒருமை, மெய்யறிவு ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் அங்குக் கற்பிக்கப்படுவதில்லை என்று விளக்கி, அவருடைய அச்சத்தையும் ஊ பா கின் போக்கினார்.

கடக்க இயலாத எல்லை

புத்தரின் நெறி இந்தியாவிலிருந்து பர்மாவுக்கு வந்தது. பிறந்த மண்ணில் அப்பயிற்சி மறைந்துவிட்டதால், பெற்ற கடனைப் பர்மா திருப்பித் தர வேண்டும் என்று ஊ பா கின் விரும்பினார். தாமே இந்தியா சென்று கற்பிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் வேட்கை. ஆனால், 1962இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டபின் பர்மாவின் எல்லைகள் இறுகின. வெளிநாட்டினர் பர்மாவில் நீண்ட நாள் தங்குவதும் பர்மியர் வெளிநாடு செல்வதும் அரிதாயின.

1967இல் அரசுப் பணியிலிருந்து முற்றிலும் ஓய்வுபெற்ற அவர், தியான மையத்திலேயே தங்கிக் கற்பித்து வந்தார். பதினான்கு ஆண்டுகள் தம்மிடம் பயின்ற கோயங்காவிற்கு 1969இல் இந்தியா செல்ல அனுமதி கிடைத்தபோது, அவரை ஆசிரியராக அமர்த்தி வழியனுப்பினார். அவ்வாண்டு ஜூலை மாதம் பம்பாயில் முதற்பயிற்சி நடைபெற்றது. தாம் கடக்க முடியாத எல்லையைத் தம் மாணவர் கடந்ததை அறிந்து மகிழ்ந்த ஊ பா கின், 1971 ஜனவரி 19ஆம் நாள் மறைந்தார்.

அவர் வகுத்த பத்து நாள் முறை இன்று உலகின் பல நாடுகளில் கற்பிக்கப்படுகிறது. ஆசிரியரும் மாணவரும் உழவரும் வணிகரும் விடுப்பு எடுத்துக்கொண்டு சென்று பயில்கின்றனர். பத்து நாள் கழிந்ததும் தத்தம் பணிக்குத் திரும்புகின்றனர். 1937இல், கால்களில் சேறு படியச் சென்று பயின்ற அலுவலர் ஒருவரும் அவ்வாறே திரும்பி வந்து, தம் மேசை மீதிருந்த கோப்புகளைப் பிரித்தார்.