ஆல்ப்ஸ் பனியில் வழி சொன்னவர் பிறந்தது மெட்ராஸில்! யார் இந்த ஆர்னால்ட் லன்?

ஆல்ப்ஸ் மலைக்கு பனிச்சறுக்கு விளையாடப் போகிறவர்களின் கையில் இன்று ஒரு மேப் இருக்கும். நீலம் என்றால் சுலபம், சிவப்பு கொஞ்சம் கஷ்டம், கறுப்பு என்றால் கில்லாடிகளுக்கு மட்டும். பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான். ஆனா, நூறு வருஷத்துக்கு முன்னாடி?

மேப் இருந்தது, பனி இல்லை

சுவிட்சர்லாந்தில் நல்ல மேப்புக்கு அப்போதே பஞ்சமில்லை. 1845 முதல் 1865 வரை தூஃபூர் வரைபடம் தாள் தாளாக வெளிவந்தது. 1870-ல் சீக்ஃப்ரீட் வரைபடமும் வரத் தொடங்கியது. மலையின் மேடு பள்ளம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் எந்தச் சரிவில் பனி சரியும், எந்த மாதம் எந்தப் பனியாறு பாதுகாப்பானது என்பது கிடையாது. மலையேற்ற வழிகாட்டி நூல்களும் கோடையில் நடந்து ஏறுபவர்களுக்காக எழுதப்பட்டவையே.

அந்தக் குறையைத் தீர்க்க உழைத்தவர்களில் முக்கியமானவர் ஆர்னால்ட் லன்.

மெட்ராஸ் டு ஆல்ப்ஸ்

1888 ஏப்ரல் 18-ல் மெட்ராஸில் பிறந்தார். அப்பா ஹென்றி லன், மெதடிஸ்ட் மருத்துவ மிஷனரி. உடல்நிலை சரியில்லாததால் அதே வருடம் குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பிய அவர், பிறகு சுற்றுலாத் தொழிலில் இறங்கினார். 1898-ல் அப்பா ஷமோனிக்கு அழைத்துப் போன குழுவில்தான் பத்து வயது ஆர்னால்ட் முதன்முதலாகச் சறுக்குக் கட்டையில் ஏறினார்.

1908-ல் ஆல்பைன் ஸ்கீ கிளப்பைத் தொடங்கினார். 1909 ஜனவரியில் பேராசிரியர் ரோஜேவுடன் பெர்னீஸ் ஓபர்லாண்ட் மலைத்தொடரைச் சறுக்கியே கடந்தார்.

உடைந்த கால்

அதே 1909 ஆகஸ்ட். வேல்ஸில் பாறை ஏறும்போது கீழே விழுந்து வலது கால் நொறுங்கியது. பிழைத்தார், ஆனால் அந்தக் கால் சில அங்குலம் குட்டையாகிவிட்டது. முதல் உலகப்போரில் ராணுவம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மலை சேர்த்துக்கொண்டது! 1917 ஜூனில், அதே காலோடு 4,545 மீட்டர் உயர டோம் சிகரத்தை ஸ்கீ கட்டி முதன்முதலில் ஏறியவர்களில் அவரும் ஒருவர்.

கிளப்புக்காக ஓபர்லாண்ட் பகுதியின் ஸ்கீ வழிகாட்டி நூல்களைத் தொகுத்தார். பனியின் குணம் பற்றி 1921-ல் தனி நூலே எழுதினார். காற்று கொண்டுவந்து குவித்த பனி திடீரென்று சரியும். காலையில் கல் மாதிரி இறுகியிருக்கும் சரிவு மதிய வெயிலில் இளகி ஆபத்தாகும். ஒரே பாதைதான், ஆனால் நேரம் மாறினால் ஆளையே கொல்லும். இந்தக் கணக்குதான் ஸ்கீ வழிகாட்டியின் உயிர்நாடி.

கொடி நட்ட கதை

1922 ஜனவரியில் முர்ரன் கிராமத்தில் ஜோடி ஜோடியாகக் கொடிகளை நட்டு, அவற்றுக்கு இடையே யார் வேகமாக இறங்குகிறார்கள் என்று போட்டி வைத்தார். காட்டில் மரங்களுக்கு நடுவே வளைந்து இறங்கும் திறமையைச் சோதிப்பதுதான் நோக்கம். இன்றைய ஸ்லாலம் போட்டி அங்கே பிறந்தது. 1936-ல் ஆல்பைன் பனிச்சறுக்கு ஒலிம்பிக்கிலும் நுழைந்தது.

1952-ல் சர் பட்டம். 1974-ல் லண்டனில் மறைவு.

இன்று மேப்பில் உள்ள நிறம் பாதை எவ்வளவு கடினம் என்று மட்டுமே சொல்லும். அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு அடி வைத்தால், லன் கேட்ட அதே கேள்விதான் முன்னால் நிற்கும்: இந்தப் பனி, இந்த நேரத்தில், தாங்குமா?