கணக்கேட்டில் பிறந்த எளிமை

எளிமை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது காந்தியடிகளின் திருவுருவமே. முழங்காலளவு வேட்டி, மேலே ஒரு துண்டு, கையில் ஊன்றுகோல், இடுப்பில் தொங்கும் கடிகாரம், அவ்வளவுதான். பள்ளிச் சுவர்களிலும் தோட்டத்து வீடுகளிலும் இப்படத்தை நாம் கண்டு பழகியிருக்கிறோம். ஆனால், அடிகள் இக்கோலத்தோடு பிறந்தவரல்லர்; ஒரே நாளில் இக்கோலத்தைப் பூண்டவரும் அல்லர். உயர்ந்த தொப்பியும் தங்கச் சங்கிலியும் அணிந்து இலண்டன் வீதிகளில் உலாவிய இளைஞர் ஒருவர், 33 ஆண்டுகளில் படிப்படியாக இந்நிலையை அடைந்தார். அப்படிகள் எவை என்பதை மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் தெரிந்துகொள்வது பெரும்பயன் தரும் என்று கருதுகிறோம்.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், மேற்கு இந்தியாவிலுள்ள போர்பந்தரில் பிறந்தார். தந்தையார் திவான் பதவி வகித்தவர். ஆயினும் பொருள் சேர்க்கும் ஆசை இல்லாதவர். ஆதலால் அவர் மறைந்தபோது பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற சொத்து மிகக் குறைவு. அன்னையார் புத்லிபாய் விரதங்களைத் தவறாது கைக்கொண்ட உத்தமி. 1888ஆம் ஆண்டில் சட்டம் படிக்க மோகன்தாஸ் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அதற்கான செலவைத் தாங்கியவர் மூத்த தமையனார் இலட்சுமிதாஸ்.

இலண்டன் சேர்ந்த இளைஞருக்கு ஆங்கிலக் கனவானாக விளங்கவேண்டும் என்ற ஆசை பிறந்தது. பம்பாயில் தைத்த உடைகள் போதா என்று எண்ணிப் புத்துடைகள் வாங்கினார். 19 ஷில்லிங் கொடுத்து உயர்ந்த தொப்பி ஒன்று வாங்கினார். நாகரிகத்திற்குப் பெயர்போன பாண்டு வீதியில் 10 பவுன் செலவிட்டு மாலையுடை தைத்துக்கொண்டார். தமையனாருக்கு எழுதி, இரட்டை வடத் தங்கக் கடிகாரச் சங்கிலியையும் வரவழைத்தார். நாள்தோறும் பெரிய கண்ணாடியின் முன் பத்து நிமிடம் நின்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்வதும் வகிடு எடுப்பதும் வழக்கமாயின. நடனம் கற்க 3 பவுன் கட்டினார். தாளத்திற்கேற்ப அடியெடுத்து வைக்க இயலாமற் போகவே, செவிக்கு இசைப்பயிற்சி வேண்டும் என்று மேலும் 3 பவுனுக்கு ஒரு பிடில் வாங்கினார். இந்த 3 பவுனை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் இதே தொகையை வேறோர் இடத்தில் காணப்போகிறோம்.

இம்மயக்கம் ஏறக்குறைய மூன்று திங்கள் நீடித்தது. பிறகு அவர் தம்மைத்தாமே வினவலானார். இங்கிலாந்திலேயே வாழ்நாளைக் கழிக்கப்போவதில்லையே, நடனத்தால் ஆகப்போவது யாது? பிடிலை இந்தியாவிலேயே கற்கலாமே? தாம் மாணவரல்லரோ? இவ்வாறு எண்ணியதும் வகுப்புகளை நிறுத்தினார்; பிடிலையும் விற்றுவிட ஏற்பாடு செய்தார். உடையில் இருந்த நாட்டம் மட்டும் உடனே போய்விடவில்லை. அது மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்தது. பழக்கம் ஒரு நாளில் மாறுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

எனினும், ஒரு நல்ல வழக்கம் இக்காலத்தில் வேரூன்றியது. வண்டிக் கூலி, அஞ்சல் தலை, நாளிதழ் என்று செலவிட்ட ஒவ்வொரு காசையும் ஏட்டில் எழுதி, இரவு உறங்குவதற்கு முன் கூட்டிப் பார்த்து மீதியைச் சரிபார்த்தார். ஏட்டைப் புரட்டியபோதுதான் உண்மை புலப்பட்டது. தாம் செலவிடும் ஒவ்வொரு பவுனும் ஊரில் தமையனாரின் உழைப்பிலிருந்து வருவதன்றோ! எனவே ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்ததை விடுத்துத் தனி அறைக்கு மாறினார். பின்னர் அதனினும் குறைந்த வாடகைக்கு ஒற்றை அறையே போதும் என்று கொண்டார். வண்டியேறுவதைத் தவிர்த்து நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் நடந்தார். காலை உணவாகிய ஓட்ஸ் கஞ்சியைத் தாமே காய்ச்சினார். செலவு குறைந்தது, உடல் உரம் பெற்றது, படிக்க நேரமும் கிடைத்தது. இவ்வாழ்வு தம் குடும்ப நிலைக்குப் பொருந்தியிருந்ததால் மனத்தில் மகிழ்ச்சியே நிறைந்ததென்று பிற்காலத்தில் அவர் தம் வரலாற்றில் குறித்துள்ளார். பின்னாளில் பொதுப்பணத்தை இலட்சக்கணக்கில் கையாண்டபோதும் கடன் இன்றி நடத்த முடிந்தமைக்கு இக்கணக்கேடே காரணமாயிற்று.

1891இல் வழக்கறிஞராகத் தாயகம் திரும்பிய காந்தியடிகள், 1893ஆம் ஆண்டில் ஒரு வழக்கின் பொருட்டுத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடைந்தார். அங்கே நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்களில் தமிழர் பலர். நம் முன்னோர் கப்பலேறி இந்நாட்டிற்கு வந்த கதைக்கும் அவர்தம் கதைக்கும் வேற்றுமை அதிகமில்லை. 1894இல் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, முதலாளியால் அடிக்கப்பட்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, இரத்தம் வழியும் வாயோடு, தலைப்பாகையைக் கையில் ஏந்தியவாறு காந்தியடிகள் முன் வந்து நின்றார். அடிகள் அவரை அந்த முதலாளியிடமிருந்து விடுவித்து, வேறோர் இடத்தில் பணியமர்த்தினார். அன்று முதல் ஏழைத் தொழிலாளர்கள் அவரைத் தம்மவராகக் கருதினர்.

அடுத்த ஆண்டு, ஒப்பந்தம் முடிந்தும் தாயகம் திரும்பாத ஒவ்வொரு தொழிலாளியும் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி கட்டவேண்டும் என்று நேட்டால் அரசாங்கம் சட்டம் செய்தது. பிள்ளைகளுக்கும் இவ்வரி விரிக்கப்பட்டது. ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். தொழிலாளியின் மாதக் கூலியோ 14 ஷில்லிங்கைத் தாண்டாது. ஒருவர் வரிக்கே நான்கு மாதக் கூலிக்கு மேல் வேண்டும். இளைஞர் ஒருவர் பிடில் வாங்க எளிதாகச் செலவிட்ட அதே 3 பவுன், ஒரு தொழிலாளர் குடும்பத்தின் கழுத்தை நெரிக்கும் கயிறாயிற்று. பணத்தின் எடை எல்லார் கையிலும் ஒன்றன்று என்பதை நாம் இங்கே உணர்கிறோம்.

காந்தியடிகளின் வருவாய் உயர்ந்தது. ஆனால் அவர் செலவை உயர்த்தவில்லை. கழுத்துப்பட்டையைச் சலவை செய்யும் கூலி அதன் விலைக்கு ஏறக்குறைய ஈடாவதைக் கண்டு, சலவைக் கலையைப் புத்தகம் பார்த்துக் கற்றார். முதன்முறை கஞ்சி மிகுந்துவிட்டது. அணிந்து சென்ற கழுத்துப்பட்டையிலிருந்து நீதிமன்றத்திலேயே கஞ்சி உதிர்ந்தது. ஒருமுறை வெள்ளைக்கார முடிதிருத்துநர் அவருக்கு முடிவெட்ட மறுத்தபோது, கண்ணாடி முன் நின்று தம் முடியைத் தாமே வெட்டிக்கொண்டார். பின்பக்கம் மேடும் பள்ளமுமாயிற்று. எலி கடித்ததோ என்று உடன் தொழில் புரிவோர் நகைத்தனர். அந்நகைப்பை அடிகள் பொருட்படுத்தவில்லை. பிறர் சிரிப்பாரே என்று அஞ்சிச் செலவிடும் பணம்தான் நம் வீடுகளில் எவ்வளவு!

எளிமை ஒருவர் எடுக்கும் முடிவாயினும் அதன் பாரத்தை வீட்டார் அனைவரும் சுமக்க வேண்டியிருக்கிறது. 1901ஆம் ஆண்டில் காந்தியடிகள் தாயகம் புறப்பட்டபோது நேட்டால் இந்தியர்கள் பொன்னும் வெள்ளியும் வைரமுமாகப் பரிசுகளைக் குவித்தனர். அன்னை கஸ்தூரிபாய்க்கென்றே 50 கினி மதிப்புள்ள தங்க அட்டிகை ஒன்றும் வந்தது. தொண்டுக்குக் கூலி பெறலாமோ என்ற கவலையால் அன்றிரவு அடிகள் உறங்கவில்லை. விடிவதற்குள் அனைத்தையும் பொதுநிதியாக்கிவிட முடிவு செய்தார். பிள்ளைகள் உடனே இசைந்தனர். அன்னையோ இசையவில்லை. வரப்போகும் மருமகள்களுக்கு என்ன இருக்கிறது, நாளை நடப்பதை யார் அறிவார் என்று கேட்டார். அட்டிகை தம் தொண்டுக்குத் தரப்பட்டதா அன்னையின் தொண்டுக்கா என்று அடிகள் வினவ, அல்லும் பகலும் அவருக்காகவும் வந்தோர் போவோர் அனைவருக்காகவும் உழைத்தது தொண்டாகாதா என்று அன்னையார் கண்ணீரோடு திருப்பிக் கேட்டார். அச்சொற்களிற் சில தம் நெஞ்சைத் தைத்தன என்று அடிகளே ஒப்புக்கொள்கிறார். இறுதியில் அன்னையார் எப்படியோ இணங்கினார். நகைகள் வங்கியில் வைக்கப்பட்டு, சமூகத் தொண்டிற்குரிய அறநிதியாயின. அன்னை கேட்ட கேள்வியில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். இவ்வரலாற்றைப் படிக்கும் ஆண்மக்கள் அக்கேள்வியையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

மீண்டும் தென்னாப்பிரிக்கா சென்ற அடிகள், 1904இல் டர்பனுக்கு அருகில் பீனிக்ஸ் என்னுமிடத்தில் 100 ஏக்கர் நிலத்தை 1,000 பவுனுக்கு வாங்கிக் குடியிருப்பு அமைத்தார். தம் செய்தித்தாளின் அச்சகத்தையும் அங்கே மாற்றினார். நிறமும் நாடும் பாராது ஒவ்வொருவருக்கும் மாதம் 3 பவுன் என்று ஒரே அளவாகப் படி வகுக்கப்பட்டது. 1910இல் காலன்பாக் என்னும் செல்வந்தக் கட்டடக் கலைஞர், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவிலிருந்த 1,100 ஏக்கர் பண்ணையை வாடகையின்றிப் போராட்டக் குடும்பங்கள் தங்குவதற்கு அளித்தார். டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர்பெற்ற அவ்விடத்தில் வேலையாட்கள் இல்லை. சமையல், துப்புரவு, தச்சுவேலை, செருப்புத் தைத்தல் அனைத்தையும் அங்கிருந்தோரே செய்தனர். சொந்த வேலையாக நகருக்குச் செல்வோர் கையில் உணவு கட்டிக்கொண்டு நடந்தே சென்று திரும்பினர். அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமக்குத் தெரிந்த அளவில் தமிழ் கற்பித்தவரும் காந்தியடிகளே.

1913ஆம் ஆண்டில் 3 பவுன் தலைவரியை எதிர்த்து ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்களும் தோட்டத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தனர். சிறைசென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இளம் வயதிலேயே உயிர்நீத்தார். வேலைநிறுத்தத்தில் சுடப்பட்டு இறந்த தொழிலாளர்களுக்குத் துக்கம் காக்கும் வகையில், அடிகள் ஐரோப்பிய உடையைக் களைந்து கூலித் தொழிலாளியின் உடையை உடுத்தினார். 1914இல் அவ்வரி ஒழிந்தது.

1915இல் இந்தியா திரும்பிய அடிகள், 1917இல் பீகாரின் சம்பாரண் பகுதியில் அவுரி பயிரிட்ட உழவர்களின் துயர் துடைக்கச் சென்றார். அங்கே சிற்றூர் ஒன்றில் பெண்களின் உடை அழுக்கேறியிருப்பதைக் கண்டு, காரணம் கேட்டு வருமாறு கஸ்தூரிபாயை அனுப்பினார். ஒரு பெண் அன்னையைத் தன் குடிசைக்குள் அழைத்துச் சென்று காட்டினாள். உள்ளே பெட்டியும் இல்லை, வேறு துணியும் இல்லை. உடுத்தியிருந்த ஒரே சேலையை அவள் எப்படித் துவைப்பாள்? இத்தகைய இல்லாமையை அடிகள் ஒருபோதும் எளிமை என்று போற்றியதில்லை. 1918இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்களுக்கு 35 விழுக்காடு ஊதிய உயர்வு கேட்டு அவர்களோடு நின்றார். உண்ணா நோன்பும் மேற்கொண்டார். முடிவில் நடுவர் தீர்ப்பால் அவ்வுயர்வு கிடைத்தது. தமக்கு வேண்டியதைக் குறைத்துக்கொண்ட அவர், தொழிலாளிக்கு உரிய கூலியைக் குறைக்க உடன்படவில்லை.

1921ஆம் ஆண்டில் அந்நியத் துணியை விலக்கிக் கதர் உடுத்துமாறு நாடெங்கும் வேண்டினார். மதுரைக்கு வரும் வழியில், கதர் வாங்கும் அளவுக்குத் தங்களிடம் பணம் இல்லையென்று ஏழைகள் கூறினர். குல்லாயும் சட்டையும் நீண்ட வேட்டியும் அணிந்திருந்த அடிகளை அச்சொல் சுட்டது. செப்டம்பர் 22ஆம் நாள் காலை, மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த இல்லத்திலிருந்து அரையாடையோடு வெளிவந்தார். முதலில் அக்டோபர் இறுதிவரையேனும் இக்கோலம் என்றே அறிவித்தார். ஆயினும் அதுவே வாழ்நாள் உடையாயிற்று. 1931இல் இங்கிலாந்து மன்னரின் அரண்மனை விருந்துக்கும் அவ்வுடையோடே சென்றார். 1948ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் சுடப்பட்டு மறைந்தபோது, அவருடையவை என்று சொல்ல மூக்குக்கண்ணாடி, கடிகாரம், மிதியடி, உண்கலம் போன்ற சில பொருள்களே இருந்தன.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? அரையாடை உடுத்துவது நமக்கு வேண்டுவதன்று. குறைந்த கூலியை வாய்மூடிப் பெற்றுக்கொள்வதும் எளிமையாகாது. நமக்குரியதை நாம் கேட்டே பெறவேண்டும். ஆனால் வியர்வை சிந்திப் பெற்ற கூலி எங்கே போகிறது என்று அறியாமலிருப்பது நமக்கு நாமே இழைக்கும் தீங்கு. அடுத்த வீட்டார் வாங்கிவிட்டார் என்பதற்காகத் தவணையில் பொருள் எடுத்து, சம்பள நாளன்றே பாதிப் பணத்தைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடும் குடும்பங்கள் உண்டு. ஒருநாள் திருமணத்திற்காகப் பல்லாண்டு வட்டி கட்டும் குடும்பங்களும் உண்டு.

ஆதலின் மாணவர்களே, வீட்டிலுள்ள பழைய பயிற்சி ஏடு ஒன்றில் மீந்த தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செலவிடும் ஒவ்வொரு காசையும் அன்றன்றே அதில் எழுதுங்கள். பெற்றோரும் உடனமர்ந்து குடும்பக் கணக்கை எழுதுவார்களாயின் இன்னும் நன்று. திங்கள் முடிவில் அவ்வேட்டைப் பாருங்கள். எது வேண்டும், எது வேண்டா என்பதை எவரும் உங்களுக்குச் சொல்லத் தேவையிராது, ஏடே சொல்லிவிடும்.